சண்டைக்கெல்லாம் என் குணம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஹட்டனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். சின்னச் சொல்லுக்கும் மனம் நொந்து அழுதுவிடுகிறேன். கோபம் வந்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு ஆறுவதில்லை. வீட்டில் நடக்கும் சண்டைக்கெல்லாம் என் குணமே காரணம் என்று கணவரும் மாமியாரும் சொல்கிறார்கள். இது நோயா? மாற்ற முடியுமா?

பதில்: நோயல்ல. எளிதில் கலங்குவதும், நடந்ததையே நினைத்து நினைத்துப் புழுங்குவதும், சிறு பேச்சையும் பழிப்பாக எடுத்துக்கொள்வதும் சேர்ந்த இந்த இயல்பை, ஆளுமையின் ஐந்து பெரும் பண்புகளுள் ஒன்றாக உளவியலாளர்கள் கணிக்கிறார்கள். எல்லோரிடமும் அது கூடியோ குறைந்தோ இருக்கிறது. அது மிகுந்தவர்களின் மணவாழ்வில் சச்சரவு கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. அதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

ஆனால் அதைக்கொண்டு பழி முழுவதையும் உங்கள் தலையில் சுமத்த முடியாது. அமெரிக்காவில் 1930களில் திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஏறக்குறைய 300 இணைகளை 1980 வரை தொடர்ந்து கவனித்த, கெல்லி, கொன்லி ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், மணமுறிவோடும் மனக்குறையோடும் நெருங்கிய தொடர்புடையவையாக மூன்று பண்புகள் தெரியவந்தன: மனைவியின் கலங்கும் இயல்பு, கணவரின் கலங்கும் இயல்பு, தன்னை அடக்கிக்கொள்ள இயலாத கணவரின் போக்கு. மூன்றில் இரண்டு ஆணுடையவை. இதை மாமியாருக்குப் படித்தும் காட்டலாம், சண்டை ஓய்ந்திருக்கும் ஒரு நாளில்.

என்னிடம் வரும் பெண்கள் விவரிக்கும் மாலைப்பொழுது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கடைசி நிறுவை முடிந்து, நனைந்த உடுப்போடு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது மனைவி சம்பளக் காசைப்பற்றிக் கேட்கிறார்; கணவர் பதில் சொல்லாமல் இஸ்தோப்புக்குப் போய்விடுகிறார்; அவர் விலக விலக இவருடைய குரல் உயர்கிறது, குரல் உயர உயர அவர் இன்னும் விலகுகிறார், சில நாட்களில் சாராயக் கடைவரைக்கும். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்பது மனைவியின் குரல் மட்டுமே, கணவரின் மௌனம் எவர் காதிலும் விழுவதில்லை. ஆகையால் லயம் முழுவதும் ‘கோபக்காரி’ என்று பெயரெடுப்பவர் அவர்தான்.

குணம் என்று முடிவுகட்டுமுன் உடம்பையும் பார்க்கவேண்டும். இரத்தச்சோகையில் வரும் களைப்பும் எரிச்சலும், தைரொயிட் சுரப்பு கூடும்போது வரும் படபடப்பும், குறையும்போது வரும் சோர்வும் குணக்கேடாகத் தோற்றமளிக்கும். ஆதார வைத்தியசாலையில் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யலாம். மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் மட்டும் கோபம் மிகுகிறதா என்பதைக் கலண்டரில் குறித்து வாருங்கள். தூக்கமும் எதிலும் நாட்டமும் இன்றி இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு.

இயல்பு அடியோடு மாறாது, ஆயினும் சில மாத உளவளச் சிகிச்சையில் அதன் கூர்மை குறைகிறது. காசுப் பேச்சை வந்தவுடன் எடுக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு விடயத்தை மட்டும் பேசிப் பாருங்கள். கணவரும் எழுந்து போவதற்குப் பதிலாக “இப்ப வேணாம், சாப்பிட்டுட்டுப் பேசுவோம்” என்று சொல்லப் பழகவேண்டும். ஆகவே மனநலக் கிளினிக்குக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.

அவர் கை நீட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடிப்பதற்கு எந்தப் பெண்ணின் குணமும் காரணமாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926.