தாய் வேலைக்குப் போனால் குழந்தையின் ஊட்டம் குறையுமா?

ஊட்டம் என்றால் வயிறு நிறைவது மட்டுமல்ல. வயதுக்கேற்ற உணவு, போதிய அளவில், போதிய தடவை உள்ளே போவது. தாயின் சம்பளத்தால் வீட்டுக்கு முட்டையும் பருப்பும் வரும். ஊட்டிவிடும் நேரமோ குறையும். இரண்டில் எது மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம்.

குழந்தையின் வயிறு அகல் விளக்கு மாதிரி. கொள்வது கொஞ்சம், அதனால் அடிக்கடி எண்ணெய் ஊற்ற வேண்டும். 6–8 மாதத்தில் தாய்ப்பாலோடு தினம் 2–3 வேளை, 9 மாதம் முதல் 3–4 வேளையும் இடையில் ஓரிரு சிற்றுணவும் தேவை. பெரும்பாலும் தவறுவது பகல் வேளைதான். பார்த்துக்கொள்பவர் நீர்த்த கஞ்சியோ பிஸ்கட்டோ கொடுத்துவிடுவார். வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் கஞ்சி இருக்கட்டும். மசித்த பருப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேருங்கள்.

பீய்ச்சிய தாய்ப்பாலைச் சுத்தமான, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். வெளியே 4 மணி நேரம். நம் கோடையில் அதற்கும் குறைவு.

இந்தியாவில் 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வயல், கட்டட வேலைப் பெண்களுக்குத்தான் அது எட்டுவதில்லை. அவர்கள் குழந்தைகளுக்கே கவனம் அதிகம் தேவை.

வேலைக்குப் போனால் பால் வற்றிவிடும் என்பது தவறு: நெடுநேரம் எடுக்காமல் விட்டால்தான் குறையும், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சினால் சுரப்பு தொடரும்.