மலை இறங்கிப் போனாலும் ஜீவனாம்சம் தர வேண்டும்

ஊட்டி கோர்ட்டின் ஜீவனாம்ச உத்தரவு கையில் இருக்கிறது. குழந்தையின் அப்பா மைசூரில் குடியேறிவிட்டார். அங்கே புதிதாகக் கேஸ் போட வேண்டுமா? (கூடலூர் வாசகி)

வேண்டாம். அவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே உத்தரவை நிறைவேற்றலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 147-ஆவது பிரிவு. ஆள் அவர்தான், பணம் வரவில்லை என்ற இரண்டையும் காட்டினால் போதும். உத்தரவு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

மாதம் நாலாயிரம். மூன்று வருஷமாக வரவில்லை. மொத்தமும் கிடைக்குமா? (குன்னூர் வாசகி)

இதே கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் பணத்தை வசூலிக்க வாரண்ட். உங்களுக்கு வர வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். இப்போது இந்த வழியில் கேட்க முடிவது கடைசி 12 மாதம், அதாவது ஐம்பதாயிரத்துக்குள். இந்த வழியில் கேட்க முடியாமல் போன மீதி கிட்டத்தட்ட ஒரு லட்சமும் குழந்தையின் பணம். 'பொறு, பேசி முடிப்போம்' என்று எஸ்டேட் லைன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், நீங்களும் பொறுத்திருப்பீர்கள். பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனுவும் நடக்கட்டும்! ஒன்றுக்காக மற்றதை நிறுத்தாதீர்கள். இந்த வாரமே போடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நாலாயிரம் போகிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதும் காரணம் ஆகாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள்.

ஜீவனாம்சம் கட்டாததற்காகக் கணவர் ஒரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். பாக்கி தீர்ந்தது என்கிறாரே? (கோத்தகிரி)

தீரவில்லை. சிறை என்பது பணம் கட்ட வைப்பதற்கு; கட்டியதாக ஆகாது. 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணவர் கேரளாவில். எவ்வளவு கிடைக்கும்? (பந்தலூர்)

உத்தரவு இருக்கிறதா, குழந்தைக்கு என்ன வயது, அவருக்கு என்ன வேலை, எதுவும் எழுதாமல் தொகை மட்டும் கேட்டால் எப்படி? உத்தரவு இல்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கேரளாவுக்கு அலைய வேண்டாம். மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு.

பெங்களூர் கம்பெனிச் சம்பளத்தில் பிடிக்க முடியுமா? (உதகை)

குடும்ப வன்முறைச் சட்டத்தில் உத்தரவு வாங்கியிருந்தால் முடியும். பணத்தை நேராக உங்களுக்கே அனுப்பும்படி கம்பெனிக்கு மாஜிஸ்திரேட் சொல்லலாம். கம்பெனியின் சரியான முகவரியைக் கொடுங்கள். அப்புறம், எல்லோருக்கும் மறுபடியும்: பணத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கிலேயே வரட்டும். ஒரு வருஷக் கெடுவை மறக்காதீர்கள்.