தோட்டத்துத் தார் ரோடு: தண்ணீர் எங்கே போகிறது?

கேட்டுக்கு முன்னால் மூன்று குழிகள். கோல்டு மிக்ஸ் (சூடாக்காமலே போடும் தார்-ஜல்லிக் கலவை) மூட்டை வாங்கிக் கொட்டி, காரை ஏற்றி மிதிக்க விட்டேன். பத்தே நாளில் பெயர்ந்துவிட்டது. சரக்கு மோசமா? (பொள்ளாச்சி)

சரக்கின் மேல் பழி போடாதீர்கள். கிண்ணம் மாதிரி சரிந்த குழியில் கொட்டினால் ஓரத்தில் மிக்ஸ் மெலிந்துபோகும், அங்கிருந்துதான் பெயரும். நல்ல தார் தட்டுப்படும்வரை ஓரத்தைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டுங்கள். மண்ணையும் தூசியையும் கம்பி பிரஷ் போட்டுக் கூட்டி எடுங்கள். அடியிலும் சுவரிலும் எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தார்) மெல்லிசாகப் பூசி, காப்பி நிறம் மாறிக் கறுக்கும்வரை பொறுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இருந்தால் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனியாக இடிக்க வேண்டும். கடைசி அடுக்கு அரை அங்குலம் மேடாக இருக்கட்டும், வண்டி ஓட ஓட அமரும். டயரில் ஒட்டாமலிருக்க மேலே கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) தூவுங்கள். இரண்டடிச் சதுரம், இரண்டு அங்குல ஆழத்துக்கு 25 கிலோ மூட்டை இரண்டு பிடிக்கும். குழியில் தண்ணீர் தேங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தேங்கினால் முதலில் அதற்கு வழி செய்யுங்கள்.

மயிரிழை வெடிப்புகளுக்கு என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். விரல் நுனி நுழையும் அளவுக்கு விரிந்தால் தூசியை ஊதிவிட்டு, எமல்ஷனில் குழைத்த கிரஷர் டஸ்ட்டால் வெடிப்பை அடையுங்கள்.

குழிகளில் சிமென்ட் கலவை போடலாமா? மிச்சம் இருக்கிறது.

கூடாது. தார் வளையும், சிமென்ட் வளையாது. ஓரம் விட்டு, அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். மிச்ச சிமென்ட்டைத் தொட்டிக்குப் பூசுங்கள்.

330 அடி நீளம், 10 அடி அகலம். பாதி ரோடு முதலைத்தோல் மாதிரி வெடித்திருக்கிறது. கான்ட்ராக்டர் "மேலே ஒரு இஞ்ச் கோட்டிங் போட்டால் புதுசு" என்கிறார். போடலாமா? (உடுமலை)

இந்தக் "கோட்டிங்" என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. முதலைத்தோல் வெடிப்பு மேல்தாரின் நோயல்ல. அடியில் ஜல்லிப் படுகை நனைந்து இளகிவிட்டது. தேங்காய் லோடு ஏறும்போதெல்லாம் அது அமுங்கி எழுகிறது, மேலே தார் சில்லு சில்லாக உடைகிறது. அதன்மேல் ஒரு அங்குலம் போட்டால், கீழே உள்ள அதே வெடிப்பு அதே வடிவத்தில் மேலே வரும். அந்த ஒரு அங்குலத்துக்கே சுமார் 17 டன் ஹாட் மிக்ஸ் (சூடாகப் போடும் தார்-ஜல்லிக் கலவை) ஆகும். மெல்லிய அடுக்கு சீக்கிரம் ஆறும். டிப்பர் தாமதமாக வந்து, ரோலர் அதைவிடத் தாமதமாக ஏறினால் மிக்ஸ் இறுகவே இறுகாது. ரோடு உயர்ந்து மழைத்தண்ணீர் வாசல் திண்ணைக்குத் திரும்புவது தனிக்கதை.

கடப்பாரையால் வெடித்த இடத்தில் ஒரு அடி தோண்டிப் பாருங்கள். ஜல்லியோடு சேறு கலந்திருந்தால் அந்தப் பகுதியை முழுக்க எடுத்துவிட வேண்டியதுதான். கரிசல் மண் என்றால் ஒரு அடிக்குமேல் தோண்டி, ஆறு அங்குலம் கிராவல், அதன்மேல் வெட் மிக்ஸ் (தண்ணீர் விட்டுக் கலந்த ஜல்லி, கல்தூள்) மூன்று மூன்று அங்குலமாக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ரோலர். பிறகு எமல்ஷன் பிரைம் கோட் (ஜல்லிப் படுகைமேல் தெளிக்கும் முதல் பூச்சு), ஒரு நாள் இடைவெளி, இரண்டு அங்குல ஹாட் மிக்ஸ். வெடிக்காத பாதியைத் தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் இருபக்கமும் வாய்க்கால். அதன் அடி, கிராவலின் அடிமட்டத்தைவிட அரையடியாவது கீழே இருக்க வேண்டும். பத்தடி ரோட்டுக்கு நடு, ஓரத்தைவிட ஒன்றரை அங்குலம் மேடு. ஓர மண் புல் முளைத்துத் தாரைவிட உயர்ந்து நின்றால் வாட்டம் கொடுத்தும் பயனில்லை. மண்வெட்டியால் சீவி இறக்குங்கள். சொட்டுநீர் வால்வு ஒழுகி ரோட்டடியில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். ரோட்டைக் கெடுப்பது மழைக்காலத்தில் வரும் மழை மட்டுமல்ல, தினமும் ஒழுகும் வால்வும்தான்.

டிராக்டர் நிறுத்தும் இடத்தில் தார் கூழாகிவிட்டது.

டீசல் தாரைக் கரைக்கும். வெட்டி எடுத்துவிட்டு அங்கே மட்டும் கான்கிரீட் போடுங்கள். "பளபளப்புக்கு" பழைய என்ஜின் ஆயில் பூசச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்.

ரோட்டுக்குக் குறுக்கே பிவிசி பைப் போட்டோம். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கோடு பள்ளமாகிறது.

தோண்டிய மண்ணையே தள்ளி மூடியிருப்பீர்கள். திரும்பத் தோண்டுங்கள்: இரண்டடி ஆழம், பைப்பை அதைவிடப் பெரிய உறைப்பைப்புக்குள் விட்டு, சுற்றிலும் மணல், மேலே வெட் மிக்ஸ் ஆறு அங்குலத்துக்கு ஒரு முறை ரேமர் (இடித்து இறுக்கும் கருவி) போட்டு இடித்து நிரப்புங்கள். தாரை வெட்டும்போது பள்ளத்தைவிட இருபுறமும் அரையடி கூடுதலாக வெட்டுங்கள்.

வெயிலில் தார் கசிந்து செருப்பில் ஒட்டுகிறது.

தார் அதிகமாகப் போட்டதன் விளைவு. நல்ல மத்தியான வெயிலில் கிரஷர் டஸ்ட் தூவி, வண்டி ஓட்டி அழுத்துங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

எங்கள் தோட்டத்து ரோடு கெட்டுவிட்டது. எவ்வளவு செலவாகும்?

நீளம் இல்லை, அகலம் இல்லை, எந்த மண், என்ன வண்டி போகிறது, எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். படம் அனுப்புவதானால் மழை விட்ட பத்து நிமிடத்துக்குள் எடுத்தது வேண்டும்.