அன்டிலோப் பள்ளத்தாக்கில் படம் எடுக்க முகவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கல்முனையில் ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர், வரும் ஜூன் மாதம் அமெரிக்காவிலுள்ள மகளிடம் செல்லும்போது அரிசோனா மாநிலத்தின் அன்டிலோப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு விற்க விரும்புவதாக எழுதியிருக்கிறார். 'தொழில்முறைப் படப்பிடிப்பு அனுமதி' எடுத்துத் தருவதாக ஏஜென்சிக்காரர் ஒருவர் இரண்டு இலட்சம் ரூபா கேட்கிறாராம். அதைக் கொடுக்கலாமா, கமராவைப் பூட்டும் முக்காலி கொண்டுபோகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கொடுக்க வேண்டாம் ஐயா, முக்காலியையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

ஏஜென்சிக்காரர் பயம் காட்டும் அந்த அனுமதி, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் உங்களுக்குத் தேவையே இல்லை. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, எட்டுப் பேருக்கு மேற்படாத குழு, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுடன், பொதுமக்கள் போகும் இடத்தில் நின்று, எவருக்கும் இடைஞ்சலின்றிப் படம் எடுத்தால், அதை விற்பதாக இருந்தாலும் அனுமதிப்பத்திரமோ தனிக் கட்டணமோ வேண்டியதில்லை. அரிசோனாவிலேயே உள்ள கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும்.

ஆனால் நீங்கள் போக விரும்பும் அன்டிலோப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா அல்ல. அது அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் நிலம். அவர்களுக்கெனத் தனி அரசும் தனி விதிகளும் உண்டு. பாறையும் அதே செம்மணற்பாறை, தெருவும் அதே தெரு என்பதால் எல்லையைத் தாண்டியதே உங்களுக்குத் தெரியாது. ஆயினும் மேற்சொன்ன சலுகை அங்கே செல்லாது. மொனியூமன்ட் வேலி என்னும் பாறைவெளியும் அப்படித்தான். உரிமம் பெற்ற நவாஹோ வழிகாட்டி இல்லாமல் அன்டிலோப்புக்குள் கால் வைக்க முடியாது. விற்பனைக்கான படம் என்றால் நவாஹோ அரசிடமே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கல்முனையில் ஒருவர் கையொப்பம் வாங்கித் தருவார் என்பது வெறும் கதை. அன்டிலோப்பின் ஒரு பகுதியான மேல் பள்ளத்தாக்கில் முக்காலியுடன் செல்லும் புகைப்படச் சுற்றுலாக்கள் 2019 உடன் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆகவே, யாராவது 'போட்டோ டூர்' என்று அந்தப் பழைய பெயரைச் சொல்லி முற்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வழிகாட்டி எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் வெயில் எறித்துக்கொண்டிருக்கும் தாழ்நிலத்திலும் வெள்ளம் வருவதில்லையா? அதுபோலவே 1997 ஆகஸ்ட்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை அன்டிலோப்பின் ஒடுங்கிய பிளவுக்குள் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது.

அரிசோனாவின் 'தி வேவ்' என்னும் அலைப்பாறைக்கும் அனுமதி எடுத்துத் தருவதாக அந்த ஏஜென்சிக்காரர் சொல்லக்கூடும். அங்கே நாளொன்றுக்கு 64 பேருக்குத்தான் இடம், அதுவும் குலுக்கலில். விண்ணப்பக் கட்டணம் ஒன்பது டொலர், பெயர் விழாவிட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள். கிடைக்காத ஒன்றுக்கும் காசு பிடுங்கும் இந்த முறையைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒருமுறை நானும் ஒரு தரகரை நம்பிப் பணம் கட்டினேன். கைக்கு வந்தது விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டு மட்டுமே. குலுக்கலில் வெல்வதற்கு எந்தத் தரகராலும் வழி செய்ய முடியாது.

இனிக் கமராவுக்கு வருவோம். ஜூன் மாதத்தில் நண்பகலை ஒட்டி மேல் பள்ளத்தாக்கினுள் ஒளிக்கற்றை விழும். அங்கே மிதக்கும் மணல் தூசியில் பட்டுத்தான் அது கண்ணுக்குத் தெரியும். அந்த மணல் மாவைப் போல மெல்லியது. அதற்குள் லென்ஸைக் கழற்றினால் கமராவுக்குள் போய்ப் படிந்துவிடும். அகலக்கோண லென்ஸ் ஒன்றை வெளியிலேயே பூட்டி, உள்ளே கழற்றாமல் வையுங்கள். கமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வரை தயங்காமல் உயர்த்தி, மூச்சை அடக்கிக் கையிலேயே எடுங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் செம்மை வெளிறும். 'மேகமூட்டம்' என்பதில் வையுங்கள். வானம் தெரியும் மேற்பகுதியைச் சட்டத்திலிருந்து விலக்கிவிடுங்கள். அது வெள்ளையாக வெளிறி, சுவரின் நிறத்தையும் கெடுத்துவிடும்.

நண்பகல் முன்பதிவை மகளையே இணையத்தில் செய்யச் சொல்லுங்கள். கோடையில் நவாஹோ நிலத்தின் நேரம் அரிசோனாவின் நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் காட்டும். கைத்தொலைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக் குழப்பும். அன்டிலோப் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படி நடப்பதால், கையில் சாதாரண மணிக்கூடு ஒன்றைக் கட்டி, அதைப் பள்ளத்தாக்குக்கு அருகிலுள்ள பேஜ் நகரின் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.