பள்ளம் இருந்தும் மழையில் வழுக்கும் ஜப்பான் டயர்

ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார், டயரில் பள்ளம் நன்றாக இருந்தும் ரங்கூன் மழையில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது என்கிறீர்கள். பிரேக்கைக் கழற்றும் முன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 'ஸ்டட்லெஸ்' என்று இருந்தால் அது பனிக்கால டயர். பனியில் பிடிப்பதற்காக ரப்பரை மிருதுவாகச் செய்து, பள்ளங்களுக்கு இடையே உள்ள ரப்பர் கட்டைகளில் நெளிநெளியாகக் கீறியிருப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அது இன்னும் இளகி, பிரேக் பிடிக்கும்போது கட்டை வளைந்துவிடும். ஈரத் தார் ரோட்டில் வண்டி நிற்கும் தூரம் கூடும். தயவுசெய்து நாலையும் மாற்றிவிடுங்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று கலக்க வேண்டாம்.

வாங்கும் டயரில் நாலு இலக்கம் தேடுங்கள். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் தயாரானது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து வருஷம் தாண்டியது வேண்டவே வேண்டாம். கறுப்புப் பாலிஷ் மினுக்கினால் துடைத்துவிட்டு, பள்ளத்தின் அடியில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.