ஆண்டுதோறும் திகில் பட விழா நடத்த என்னென்ன வேண்டும்? வந்த ரசிகர்கள் அடுத்த ஆண்டும் வர என்ன செய்வது?

பொதுவாகச் சொன்னால் பயன்படாது என்பதால் லண்டன் ஃபிரைட்ஃபெஸ்ட்டை வைத்துச் சொல்கிறேன். ஆலன் ஜோன்ஸ், பால் மெக்கெவாய், இயன் ராட்ரே மூவரும் 2000-இல் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய பிரின்ஸ் சார்ல்ஸ் தியேட்டரில் தொடங்கிய விழா. ஆகஸ்ட் கடைசித் திங்கள் அங்கே அரசு விடுமுறை. அதை ஒட்டி வியாழன் முதல் திங்கள் வரை நடப்பது வழக்கம். தேதி ஆண்டுக்கு ஆண்டு அலையாததால் ரசிகர்கள் லீவு, ரயில், அறை எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் படத்தேர்வில்தான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், ஐந்து நாளும் ஒரே நாற்காலியில் உட்காரப்போகிற பாஸ்காரர். ஒரு படத்துக்கு டிக்கெட் எடுப்பவர் அந்தப் படத்துக்காக வருகிறார். பாஸ்காரரோ பாதிப் படங்களின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் பணம் கட்டுகிறார். பாஸ் கவுன்டரில் விற்ற காலத்தில் பிடித்த வரிசையில் சீட் வாங்க முந்தின இரவே தெருவில் படுத்துக் கிடந்தார்கள். அந்த வரிசைக்கு 'ஸ்லீப்பி கியூ' என்றே பெயர். ஆகவே விற்பனையை முதலில் பாஸ், பிறகு ஒருநாள் டிக்கெட், கடைசியில் ஒரு படத்துக்கான டிக்கெட் என்ற வரிசையில் வையுங்கள். விருந்தினர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஒதுக்கும் சீட்டுகளை ஓரத்தில் கொடுங்கள். நடு பிளாக்கை ஸ்பான்சருக்குக் கொடுத்து அது காலியாகக் கிடந்தால், பின்னால் இருப்பவர் ஐந்து நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கூட்டத்தை இரண்டு மூன்று ஸ்கிரீன்களாகப் பிரிக்க நேர்ந்தால், இயக்குநர் அறிமுகத்தையும் அத்தனை முறை நடத்த வேண்டும். அதற்கும் நேரம் போடுங்கள்.

நேரக் கணக்கு இப்படி: படம் 95 நிமிடம், அறிமுகம் 5, கேள்வி பதில் 15, அரங்கைக் காலி செய்து சுத்தம் செய்து மறுபடி நிரப்ப 20. ஆக ஒரு படத்துக்கு 135 நிமிடம். காலை பத்தரைக்குத் தொடங்கினால், சுத்தம் செய்வதையும் சேர்த்து ஐந்தாவது படம் இரவு 9.45-க்கு முடியும், ஆறாவது நள்ளிரவுக்கு. தாமதம் எப்போதும் கேள்வி பதிலில்தான் வரும், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடமாக. அதனால் மாலை ஆறு மணி வாக்கில் எதுவும் இல்லாத 45 நிமிடத்தைப் போட்டுவைத்தால், தாமதத்தை அது விழுங்கிவிடும், மக்களும் சாப்பிட்டுவிடுவார்கள். லெஸ்டர் சதுக்கத்தில் வெள்ளி, சனி இரவுகளில்தான் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவைத் தாண்டினால் கடைசி ரயிலைப் பிடிக்கக் கிளைமாக்ஸுக்கு முன்பே அரங்கு எழுந்துவிடும். மெதுவாக நகரும், சப்டைட்டில் உள்ள படத்தைப் பதினொரு மணிக் காட்சியில் போடாதீர்கள். அந்த நேரத்துக்கு ரத்தமும் சிரிப்பும்தான் எடுபடும்.

அதிகம் காலை வாருவது கேடிஎம். படம் டிசிபி எனும், தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் கோப்பாக வரும், சுமார் நூறிலிருந்து இருநூறு ஜிபி. அது பூட்டப்பட்டிருந்தால் திறக்கும் சாவிதான் கேடிஎம். சாவி, படம் ஓட்டும் குறிப்பிட்ட ஒரு சர்வரின் டிஜிட்டல் சான்றிதழுக்கும், குறிப்பிட்ட நேர இடைவெளிக்கும் மட்டுமே செல்லும். திருட்டுப் பயத்தால் விற்பனை ஏஜென்ட்டுகள் காட்சி நேரத்தை ஒட்டிச் சில மணி நேரம்தான் தருவார்கள். ஆகஸ்டில் லண்டன் கடிகாரம் சர்வதேச நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடும். அதைக் கவனிக்காமல் லண்டன் நேரத்தையே சர்வதேச நேரமாகப் போட்ட சாவி ஒரு மணி நேரம் தள்ளித்தான் திறக்கும். காட்சிக்கு இரண்டு நாள் முன்பிருந்து மறுநாள் வரை செல்லும்படி கேளுங்கள். பக்கத்து ஸ்கிரீனுக்கும் ஒரு சாவி வாங்குங்கள். விழாவுக்கு முன் தியேட்டரில் மீடியா பிளாக்கை, அதாவது சர்வரில் பூட்டைத் திறந்து படத்தை ஓட்டும் பகுதியை, மாற்றினால் பழைய சாவிகள் அத்தனையும் வீண். அப்படி மாற்றினால் உடனே சொல்லச் சொல்லி மேனேஜரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிசிபியைச் சர்வரில் ஏற்றியதும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சப்டைட்டில் இல்லாத கோப்பு வந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பிரிட்டனில் தியேட்டருக்கு உரிமம் தருவது உள்ளாட்சி மன்றம். தணிக்கைச் சான்றிதழ் பெறாத படத்தைக் காட்ட அதன் சம்மதம் தேவை. தணிக்கை வாரியத்துக்கு அனுப்பு என்று சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. 2010-இல் ஃபிரைட்ஃபெஸ்ட்டுக்குச் செர்பியாவிலிருந்து வந்த ஒரு படத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் அப்படிச் சொன்னது. வாரியம் 49 வெட்டுகளைக் கேட்டது. வெட்டிக் காட்டுவதைவிடக் காட்டாமல் இருப்பதே மேல் என்று விழாக் குழு படத்தையே எடுத்துவிட்டது. சரியான முடிவு என்பேன், வெட்டுப்பட்ட பிரதியை இந்தக் கூட்டம் மன்னிக்காது. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேறு படம் கைவசம் இருக்க வேண்டும். உரிமை பேசி, கோப்பும் ஏற்றி, இரண்டு மாற்றுப் படங்களையாவது தயாராக வையுங்கள்.

ஒலி அளவைத் தியேட்டர்காரரிடம் விடாதீர்கள். ஒலிக்கலவை செய்யும்போது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருக்கும். புகாருக்குப் பயந்து பல தியேட்டர்களில் ஐந்துக்கும் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். திகில் படத்தில் கிசுகிசுப்பு கேட்டால்தான் அலறல் தூக்கிப்போடும். காலியான அரங்கில் சரிபார்த்த அளவு, ஆட்கள் நிறைந்ததும் சற்று மங்கும். முதல் பத்து நிமிடம் உங்கள் ஆள் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு ஏற்றச் சொல்லட்டும். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் படமென்றால் வாசலிலேயே அறிவிப்பு ஒட்டுங்கள், வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

சமூகத்தை உருவாக்கத் திட்டம் போட்டு எதுவும் நடக்காது. மாண்ட்ரியாலில் 1996 முதல் நடக்கும் ஃபான்டேசியா விழாவில் விளக்கு அணைந்ததும் அரங்கமே பூனையாகி 'மியாவ்' என்று கத்தும். முதல்முறை வருகிற இயக்குநர்கள் திகைத்துப்போவார்கள். அதை எந்தக் குழுவும் உத்தரவு போட்டுக் கொண்டுவரவில்லை. உங்கள் அரங்கில் அப்படி ஏதாவது முளைத்தால் அடக்காதீர்கள், டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கவும் ஓடாதீர்கள். படம் ஓடும்போது பேசுகிறவரை மட்டும் தயவு பார்க்காமல் வெளியே அனுப்புங்கள், அவர் ஸ்பான்சரின் ஆளாக இருந்தாலும் சரி.