சப்போரோ பீர் அருங்காட்சியகம்: சைவத்துக்கும் சிறுமிக்கும் சரிவருமா?

கணவருக்குப் பீர் பிடிக்கும், நீங்கள் சைவம், கூடவே எட்டு வயது மகள், கையில் அரை நாள்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஜப்பானின் சப்போரோ நகரில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் சாப்பாட்டை மட்டும் தனியாக யோசியுங்கள்.

அந்தச் செங்கல் கட்டடம் 1890இல் சர்க்கரை ஆலையாகக் கட்டப்பட்டது. பிறகுதான் பீர் நிறுவனத்தின் கைக்கு வந்து, 1965 வரை பார்லியை முளைகட்டும் ஆலையாக ஓடியது. சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. மூன்றாம் மாடியில் தொடங்கி, ராட்சதச் செம்புக் கொப்பரையைச் சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும். மகளுக்கு அது பிடிக்கும். ஜெர்மனியில் தொழில் கற்றுவந்த நாககாவா செய்பெ 1876இல் சப்போரோ நகரில் பீர் காய்ச்சத் தொடங்கிய கதையும் இருக்கிறது. கட்டண வழிகாட்டிச் சுற்று ஜப்பானிய மொழியில் நடப்பது, உங்களுக்கு வேண்டாம். கீழே மூன்று வகைப் பீரைச் சிறு கோப்பைகளில் காசு கொடுத்து ருசிக்கலாம். உங்கள் இருவருக்கும் குளிர்பானம்.

பக்கத்து உணவுக்கூடத்தில் ஜிங்கிசுகான் என்ற ஆட்டுக்கறி வாட்டல்தான் பிரதானம். குவிந்த இரும்புச் சட்டியில் ஆட்டுக் கொழுப்பைத் தடவி, நடுவில் கறி, ஓரத்தில் வெங்காயமும் முளைப்பயறும். அந்தக் காய்கறி சைவம் என்று நம்பிவிடாதீர்கள், கொழுப்பெல்லாம் அதில்தான் வடியும். புகை வாடை உடுப்பை விட்டு லேசில் போகாது. கணவர் மட்டும் அங்கே சாப்பிடட்டும், நீங்கள் இருவரும் நகருக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கள் விடுமுறை. வாடகைக் கார் வேண்டாம், ஒரு வாய் குடித்தாலும் ஓட்டக் கூடாது. சப்போரோ நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது.